கொழுந்தம்மன் காது

"மழை வருமாண்ணே?"

"தெரியாது."

சொல்லிக்கொண்டே குடையை விரிப்பார். விரித்த இரண்டாவது நிமிடம் மழை கொட்டும். நனைகிற ஆள் நானாக இருப்பேன்.

எங்கள் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லருக்கு விறகு போட்டவர் அவர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அடையாள அட்டையில் அவர் பெயர் ஒரு மாதிரி இருக்கும், யூனியன் அட்டையில் வேறு மாதிரி, கிளினிக் அட்டையில் மூன்றாவது மாதிரி. எது சரி என்று கேட்டிருக்கிறேன். "தெரியாது. எழுதுனவங்களத்தான் கேக்கணும்" என்றார். வயதைக் கேட்டாலும் இதே கதைதான். "ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி போட்டது அறுபத்தாறு. நான் பொறந்தப்ப ஆபீஸ் கிராணி பக்கத்துல இருந்தாரா, தெரியாது."

இருபது வருடப் பழக்கத்தில் அவர் 'தெரியும்' என்று சொல்லி நான் கேட்டது ஒரே தடவை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நான் பேச்சை நேராக ஓட்டுகிறவன் இல்லை. வேனையே நேராக ஓட்டுவதில்லை என்பாள் என் மனைவி. எங்கள் மலையில் ரோடே நேராக இல்லை என்பதை அவள் யோசிப்பதில்லை.

என் தொழில் பொய் சொல்வது. அட்டையில் 'சுற்றுலா வேன், வழிகாட்டி' என்று இருக்கும். பிரிஞ்சாங் ஊர் ஓட்டல்களில் ஆட்களை ஏற்றி, கியா பார்மில் ஸ்ட்ராபெரி தின்ன விட்டு, எங்கள் எஸ்டேட் மேட்டில் நிறுத்திப் படம் எடுக்க வைப்பேன். இடையில் மூன்று மணி நேரம் வாயை ஓட்ட வேண்டும். தேயிலையை இப்படிக் கோடு கோடாக நட்டது, விமானத்திலிருந்து பார்த்தால் பழைய துரையின் பெயர் தெரிவதற்காக என்று ஒருமுறை சொன்னேன். ஒரு ஜெர்மன்காரர் அரை மணி நேரம் தொலைநோக்கியால் எழுத்தைத் தேடினார். முதல் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவும் சொன்னார். நம்மைவிடப் பெரிய ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

பாய்லர் பக்கம் கூட்டத்தைக் கூட்டிப்போகும்போதுதான் எனக்குச் சோதனை. "இந்த பாய்லருக்கு வயசு என்ன?" என்று யாராவது கேட்பார்கள். நான் அவரிடம் தமிழில் கேட்பேன்.

"தெரியாது," என்பார்.

அதை நான் ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் மொழிபெயர்ப்பேன். போரில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்தது, யானை கட்டி மலையேற்றியது, வழியில் ஒரு யானை மனமுடைந்து போனது. ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் போனபிறகு இவர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் சொன்னதத்தான சொன்ன?"

"ஆமாண்ணே. கொஞ்சம் விரிச்சுச் சொன்னேன்."

"ஒரு வார்த்தைய இம்புட்டு விரிக்க முடியுமா?"

"இங்லீஷ்ல முடியும்ணே."

"தெரியாது," என்றார். அதற்குமேல் என்னைத் திட்டியதில்லை.

திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம், அவரோடு விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்தது. தொழிலாளர் லயத்தில், அவர் வீட்டில்தான் உட்கார்ந்தோம். அந்த வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க ஓர் இரும்பு ஆப்பை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார். விறகு பிளக்கிற ஆப்பு, மூக்கு உடைந்தது. அதில் இடித்து என் கால் கட்டைவிரல் நகம் இரண்டு முறை போயிருக்கிறது. அன்றைக்குப் போனது இரண்டாவது.

"மாப்பிள்ள ஆளு எப்படிங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"தெரியாது."

கேட்டவர் முகம் தொங்கிவிட்டது. "ரெண்டு வருஷமா உங்ககிட்டதானே வேல பாக்குறாரு?"

"ரெண்டு வருஷத்துல ஒரு மரத்தயே எடை போட முடியாதுங்க."

நான் விரலைப் பிடித்துக்கொண்டே குறுக்கே விழுந்தேன். மாப்பிள்ளை தங்கம், பால் மனசு, சிகரெட் வாடையே ஆகாது என்று அடுக்கினேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வாயில் புகையோடு வாசலில் வந்து நின்றார். பெண் வீட்டார் எழுந்துவிட்டார்கள். படி இறங்கும்போது இவர் சொன்னார்: "ஆளப்பத்தித் தெரியாதுங்க. ஆனா இவன் அடுக்குன வெறகு ரெண்டு வருஷத்துல ஒருநாளும் நனஞ்சதில்ல. அதுவும் இந்த ஊரு மழையில."

பெண்ணின் அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது, மேடைப் பக்கம் வந்து பேச வேண்டாம் என்ற குறிப்போடு.

இப்படி ஒரு மனிதரோடு பழகுவது எப்போதும் சுகமாக இருக்காது. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பொழச்சுக்குவாருல்லண்ணே?" என்று அவரிடம் கேட்டேன். கேட்கும்போதே பதில் என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன். "தெரியாது, தம்பி," என்றார். ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் வேன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. 'எல்லாம் நல்லாயிரும்' என்று சொன்னவர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெரியாது என்றவர்தான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று நாள் என்னோடு உட்கார்ந்திருந்தார்.

சரி, கொழுந்தம்மன்.

எஸ்டேட் விறகை விட்டு டீசலுக்கு மாறியபோது பழைய விறகுக் கொட்டகையைப் பிரித்தார்கள். அவருக்கும் அத்தோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கோழிக்கூண்டுக்குப் பலகை பொறுக்கப் போன நான், தரைப் பலகைக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்த ஒன்றை வெளியே இழுத்தேன். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரச்சிற்பம். ஒரே கட்டையில் செதுக்கியது. முக்காடு போட்ட தலை, கொஞ்சம் சாய்ந்த கழுத்து. வளர்த்துத் தொங்கவிட்ட காதுகள், இரண்டிலும் விரல் நுழைகிற ஓட்டை. ஒரு கை முன்னால் நீண்டு, விரல்கள் குவிந்திருந்தன. இடுப்புக்குக் கீழே வெறும் கட்டை. அடியில், மரத்துக்குள் பதிந்து, நகம் அகலத்துக்குத் துருப்பிடித்த இரும்பு.

இது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாள் வேனில் சிங்கப்பூர்க் கூட்டம் ஒன்று இருந்தது. கொட்டகை இருந்த இடத்திலேயே அதை நிறுத்திவைத்தேன்.

விரல் குவிந்திருப்பது முத்திரை என்றேன். கால் இல்லாதது, தெய்வத்துக்குக் கால் தரையில் படாது என்பதால். அடியில் இருக்கும் இரும்பு, யாரும் பார்க்கக்கூடாத எந்திரத் தகடு. பெயர் கொழுந்தம்மன், முதல் தேயிலைச் செடியோடு மலையேறி வந்தவள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. யாரோ பூ வைத்தார்கள். அடுத்த வாரம் யாரோ குங்குமம் வைத்தார்கள். ஒரு மாதத்தில் தகரக் கூரை வந்தது. நான் வாழ்க்கையில் உருப்படியாக எதையும் உண்டாக்கியதில்லை, ஒரு கடவுளைத் தவிர.

தினமும் அங்கே கூட்டி விளக்கேற்றியவர் அஞ்சலை அக்கா. தொழிற்சாலையில் தூள் சலிக்கிற வேலை. அப்பா அம்மா இருவரையும் விவரம் தெரிவதற்குள் இழந்து, பெரியம்மா வீட்டில் வளர்ந்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் சாத்துவார். கதையைக் கட்டியவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல இரண்டு மூன்று தரம் வாயெடுத்தேன். கையில் விளக்கோடு நிற்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

இவர் மட்டும் அந்தத் தகரக் கூரைப் பக்கம் வரவே இல்லை. கும்பிட வாங்களேன் என்று அக்கா கூப்பிட்டதற்கு, "யாருன்னு தெரியாம எப்படிம்மா கும்பிடறது?" என்றாராம்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. மூன்றாவது வருடம் எஸ்டேட் கோவில் தலைவர் என் வேனை மறித்தார். காய்கறி லோரி வைத்திருப்பவர், எதையும் லோரியில் ஏற்றி முடிக்கிற அவசரம் அவருக்கு.

"அடுத்த வாரம் தாப்பாவுலேர்ந்து பெயிண்டர் வர்றாருலா. அம்மனுக்கு எனாமல் அடிச்சுக் கண்ணு தொறக்கணும். மீனாட்சின்னா பச்ச, காளின்னா நீலம். காளின்னா நாக்கு ஒட்டணுமாம். எதுன்னு சொல்லு."

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒருவர் உண்மையான பதிலை எதிர்பார்த்தார். போனில் படம் எடுத்துக்கொண்டு சுற்றினேன். கியா பார்மில் காய்கறிக் கடை வைத்திருக்கும் சீன அம்மா பார்த்ததும் கையெடுத்தார். "காது நீளம்லா. இது எங்க குவான் யின் சாமி. நீங்க ஏன் வெச்சிருக்கீங்க?" ரோட்டோரம் தேன் விற்கும் ஒராங் அஸ்லி பழங்குடிப் பெரியவர் வெகுநேரம் பார்த்தார். "புக்கான் காமி புன்யா," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். எங்களுடையது இல்லை. அப்படியென்றால் யாருடையது என்றேன். "தாக் தாஹு." தெரியாது.

இதை இவரிடம் சொன்னபோது முதுகை நிமிர்த்தினார்.

"தெரியாதுன்னா சொன்னாரு?"

"ஆமாண்ணே."

"அவர நம்பலாம். வா, போய்ப் பாப்போம்."

அவர் வருகிறார் என்றதும் லயமே கூடிவிட்டது. சந்தனத்தையும் எண்ணெயையும் துடைக்கச் சொன்னார். விரல் முட்டியால் கட்டையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். முகர்ந்தார். லேசாகத் தூக்கிக் கனம் பார்த்தார். உளி போன தடத்தில் கட்டைவிரலை ஓட்டினார். முகத்துக்கு நேரே வந்தபோது நின்றுவிட்டார். சிற்பத்தின் காதுப் பக்கம் கை போனது. பாய்லர் கதவு சூட்டில் பட்டதுபோல் சட்டென்று திரும்பியது.

"என்னண்ணே, பச்சையா நீலமா?" என்றார் தலைவர்.

"தெரியாது. ஒரு சில்லு சீவி எரிச்சுப் பாக்கணும்."

அம்மனைச் சீவி எரிப்பதா என்று கூட்டம் எகிறியது. நானும் எகிறினேன், என் வாயாலேயே உண்டாக்கிய தெய்வம் அல்லவா. அஞ்சலை அக்காதான் கையை உயர்த்தினார்.

"நகம் வெட்டற மாதிரிதானே? அம்மனுக்கு நகம் வளராதா? பின்பக்கமா எடுங்கண்ணே."

தீக்குச்சி அளவு சில்லு. பால் டின்னில் போட்டுக் கொளுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு புகையை இழுத்தார். சாம்பலை விரலில் தேய்த்து நாக்கில் வைத்தார்.

"தேயில," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, தேயிலச் செடி இடுப்பு ஒயரம். தண்டு கைப்பிடி கனம் வருமா? இது தொடைக் கனத்துக்கு இருக்கு."

"வெட்டுனா இடுப்பு ஒயரம். வெட்டாம விட்டா மரம், தம்பி. ஆத்துப் பக்கம் வெதைக்குன்னு விட்ட மரங்க நின்னுச்சு, இருவது அடி. நீ மேட்டுலயே வேன நிறுத்திட்டுப் போயிருவ." டின்னைக் கவிழ்த்தார். "இது இங்கயே வெட்டி இங்கயே செதுக்குனது. மத்தது தெரியாது."

அப்போது அஞ்சலை அக்கா சிற்பத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையையும் அதுபோல் நீட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது கொழுந்து கிள்ளுற கை."

குவிந்த மூன்று விரல். இரண்டு இலை, ஒரு மொட்டு. கொழுந்து கிள்ளியே வளர்ந்த ஊர். அத்தனை பேரும் இரண்டு வருடம் அந்தக் கையைப் பார்த்து, நான் சொன்னேன் என்பதற்காக முத்திரை என்று நம்பியிருக்கிறோம். நம் கையைச் சாமிக்கு வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"அப்ப சாமி இல்லியா?" என்றார் தலைவர். "யாரோ பொம்பளையா? யாரு?"

"தெரியாது." அந்தத் தடவை அவர் குரல் கீழே போயிருந்தது.

மறுநாள் அவரைத் தானா ராத்தா கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வேனில் சும்மா வர என்னால் முடியாது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தவர் காதை மட்டும் ஏன் தொடவில்லை என்று நோண்டினேன். இரண்டு வளைவு தாண்டியபிறகு சொன்னார்.

"எங்கம்மா போறப்ப எனக்கு அஞ்சு வயசு இருக்கும். மூஞ்சி ஞாபகத்துல இல்ல. போட்டோ எடுத்ததில்ல. காது மட்டும் இருக்கு. வளத்த காது. தூங்குறப்ப அந்த ஓட்டைல சுண்டு விரல விட்டுக்குவேன், அப்பத்தான் தூக்கம் வரும்." சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டார். "இதுக்குத்தான் ஞாபகம் இருக்கு. எனக்கு இல்ல."

நான் வேனை ஓரம் கட்டிவிட்டேன். "அண்ணே, அது உங்கம்மாண்ணே. காது இருக்கு, கொழுந்து இருக்கு, நம்ம எஸ்டேட் மரம். வேற என்ன வேணும்?"

"அந்தக் காலத்துல லயத்துல பாதிப் பொம்பளைங்களுக்குக் காது அப்படித்தான்."

"தொட்டுப் பாத்திருக்கலாம்ல?"

"ஆசப்படுற கை பொய் சொல்லும், தம்பி. மொதல்ல யாருன்னு பாப்போம். வண்டிய எடு."

என் வாயைப் பற்றி உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். மாலைக்குள் லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இந்தத் தடவை நான் எதையும் விரித்துச் சொல்லவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக அவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண் பழம் கொண்டுவந்தார். "உங்கம்மா லட்சணமாத்தான் இருக்காங்க" என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் அவர் "தெரியாதும்மா", "தெரியாதுப்பா" என்றார். ஆனால் சட்டை மாற்றியிருந்தார். தலையை எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். அதை நான் பார்த்தேன்.

தலைவர் வந்தார், வழக்கமான அவசரத்தோடு.

"பெயிண்டர வேணாம்னுட்டேன்ணே. உங்கம்மாவுக்கு எனாமல் அடிக்க நாங்க யாரு? அந்தக் கூரைக்குக் கீழயே இருக்கட்டும், நீங்க வந்து போங்க. உங்க வாயால ஆமான்னு வராதுன்னு ஊருக்கே தெரியும். தெரியாதுன்னே சொல்லிட்டு இருங்க. இல்லன்னு மட்டும் சொல்லிறாதீங்க, போதும்."

"ம்," என்றார் இவர்.

தலைவர் படியிறங்கியவர் திரும்பினார். "அந்த எந்திரத் தகடுதான் சூசா, ஒரே தொல்ல. அம்மாவுக்கு எதுக்கு எந்திரம்? நோண்டி எடுத்துரலாமா?"

"என்ன தகடு?"

"அடியில இருக்குல்ல. இரும்பு. இம்புட்டு அகலம்."

அவர் தலைவரைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். கதவுக்குக் கீழே பார்த்தார். நானும் பார்த்தேன், என் நகம் போன இடம் என்பதைத் தவிர எனக்கு அதில் ஒன்றும் புலப்படவில்லை.

மறுநாள் காலை பனி விலகாத நேரத்தில் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது தகரக் கூரைக்குக் கீழே அவரும், தரையைக் கூட்டிக்கொண்டிருந்த அஞ்சலை அக்காவும் மட்டும் இருந்தார்கள். அவர் கையில் துணிப்பை. சிற்பத்தைச் சாய்க்கச் சொன்னார். நானும் அக்காவும் பிடித்துப் படுக்கவைத்தோம். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, பேனாக்கத்தியால் துருவைச் சுரண்டினார். வெகுநேரம் சுரண்டினார். பிறகு பையிலிருந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கும் அந்த ஆப்பை எடுத்தார்.

உடைந்த மூக்கை இரும்பின்மேல் வைத்தார். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு. பல்லோடு பல் சேர்வதுபோல் உட்கார்ந்தது.

ஆப்பை எடுத்துப் பைக்குள் வைத்தார். அந்த இரும்பை அவரைத் தவிர வேறு யாரும் அடையாளம் கண்டிருக்க முடியாது. அதை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். எப்போதும் சொல்கிற அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், ஊரே அவருக்கு ஓர் அம்மாவைக் கொடுத்திருந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் பொய்யாகிவிடும். என்னைப்போல் தினம் மூன்று மணி நேரம் பொய் சொல்கிறவனுக்கு அது ஒரு கணக்கே இல்லை.

அஞ்சலை அக்கா கேட்டார். "என்னண்ணே? யாருன்னு தெரியலியா?"

"தெரியும்," என்றார்.

பையைக் கீழே வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"தெரியும், பாப்பா. இது எங்கம்மா இல்ல. உங்கம்மா."

அக்காவின் கையில் துடைப்பம் அப்படியே இருந்தது.

"உங்கப்பாதான் வெறகு பொளக்குறவரு. நான் பாய்லருக்குப் புதுசு. அந்த வருஷந்தான் ஆத்துப்பக்க வெத மரத்த எல்லாம் வெட்டி அடுப்புக்கு அனுப்புனாங்க. அவரோட சேந்து இந்தக் கட்டையப் பொளக்கறப்ப என் ஆப்பு மூக்கு ஒடஞ்சு உள்ள நின்னுருச்சு. உங்கப்பா சொன்னாரு, இத விடு, இது அடுப்புக்குப் போக வேணாம்னு. உங்கம்மா போயி ஒரு மாசம் இருக்கும். சோத்து நேரத்துல கொட்டகைக்குப் பின்னால முதுகக் காட்டி உக்காந்து செதுக்குவாரு. என்னண்ணே செய்றீங்கன்னு கேட்டேன். 'எம்பொண்ணு சின்னதா இருக்கா, அவ அம்மா மூஞ்சிய மறந்துருவா'ன்னாரு. எந்தக் கட்டை, எப்ப முடிச்சாரு, எதுவும் நான் பாக்கல. அடுத்த மழைக்குள்ள காய்ச்சல்ல அவரும் போயிட்டாரு. கால் செதுக்க நேரமில்ல."

"அப்ப மொத நாளே…" என்றேன் நான்.

"மொத நாளே ரெண்டு பேரு நெனப்புல வந்தாங்க. எங்கம்மா, இவங்கம்மா. யாருன்னு தெரியல. எங்கம்மா காலத்துலயும் வெத மரம் காத்துல சாஞ்சிருக்கும், யாராச்சும் செதுக்கியிருக்கலாம். அதான் தெரியாதுன்னேன். இப்ப ஆப்பு சொல்லிருச்சு. எங்கம்மா போயி பதினஞ்சு வருஷங் கழிச்சு வெட்டுன மரம் இது. உங்கப்பா, எங்கம்மா போனதுக்கெல்லாம் அப்புறம் பேராக் பக்கத்துலேர்ந்து வந்த ஆளு. எங்கம்மாவப் பாத்ததே இல்ல."

அஞ்சலை அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தார். சிற்பத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தார். முந்தானையால் அந்த முகத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தை ஒவ்வோர் இடமாகத் துடைத்தார். ஐம்பது வயதுப் பெண், தன்னைவிட இளைய தன் அம்மாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"ரெண்டு வருஷமா எலுமிச்சம்பழம் சாத்துனேனே," என்றார். "எங்கம்மாவுக்குப் புளிப்பே ஆகாதுன்னு பெரியம்மா சொல்லும்."

அதைச் சொன்னபிறகுதான் அழுதார். எனக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை. கொழுந்தம்மன் கதையைக் கட்டியவன் நான்தான் என்று மட்டும் சொன்னேன். "தெரியுமே," என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உன் மூஞ்சியப் பாத்தா யாருக்குத் தெரியாது? நல்லாருந்துச்சு, அதான் விட்டுட்டேன்."

மூன்று பேருமாகச் சிற்பத்தைத் தூக்கி நிறுத்தினோம். அவர் பையை எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தார். நின்றார்.

"பாப்பா, ஒரு தடவ காதத் தொட்டுக்கட்டுமா?"

"தொடுங்கண்ணே. கேக்கணுமா?"

"முன்னயே தொட்டிருந்தா ஆச பேசியிருக்கும். இப்பத்தான் கேள்வி முடிஞ்சிருச்சே."

வந்து நின்றார். வலது கைச் சுண்டு விரலை வேட்டியில் துடைத்தார். அந்தக் காது ஓட்டைக்குள் மெதுவாக விட்டார். பாய்லர் சூட்டில் கருத்த பெரிய விரல், முக்கால்வாசிதான் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டார்.

என்னால் சும்மா இருக்க முடியாது. "எப்படிண்ணே இருக்கு?" என்றேன் மெல்ல. "உங்கம்மா காது மாதிரியா?"

"தெரியாது," என்றார்.

விரலை எடுக்கவில்லை.